உவர் படிந்த கரை

வேலூர் லாங் பஜாரில் காலை நேரத்தில் நடப்பதென்றால் தோளை ஒடுக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். மூட்டை இறக்குபவர்களும் தள்ளுவண்டிக்காரர்களும் நமக்கு வழி விடுவதில்லை. அவர்களுக்கு நாம்தான் வழி விட வேண்டும். மளிகை மண்டிகளைத் தாண்டிக் காய்கறிக் கடைகள் பக்கம் வந்தால், காம்பிலும் புல்லியிலும் முள் நிறைந்த கத்திரிக்காயைக் குவித்து வைத்திருப்பார்கள். அணைக்கட்டு வட்டத்து இலவம்பாடியின் பெயரால் அறியப்படும் இந்தக் காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆம்பூர்ப் பிரியாணியோடு வைக்கும் கத்திரிக்காய்த் தொக்கை விரும்பிச் சாப்பிடுபவர்கள் இதன் அருமையை அறிவார்கள். சில மாதங்களுக்கு முன் நாம் அங்கே காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற முதிய பெண்மணி விலையைக் கேட்குமுன் வேறொன்றைக் கேட்டார்: "எந்தத் தண்ணிக் காய்ப்பா இது?" கடைக்காரர் சற்றும் வியப்படையாமல், "மலையோரம்மா, ஆத்தோரம் இல்ல" என்றார். அதன் பிறகுதான் விலைப் பேச்சு தொடங்கியது.

ஊர்ப் பெயரைக் கேட்டுக் காய் வாங்குவது எங்கும் உள்ள வழக்கம். தண்ணீரைக் கேட்டு வாங்குவது இந்தப் பகுதிக்கே உரியது என்று நினைக்கிறோம். ஒரு காலத்தில் ஆற்றோரம் என்பதுதான் உயர்ந்த விலாசம். பாலாற்று வண்டலில் விளைந்த நெல்லுக்கும் கரும்புக்கும் தென்னைக்கும் இருந்த மதிப்பு, மழையை நம்பிய மேட்டுச் செம்மண்ணின் விளைச்சலுக்கு இருந்ததில்லை. அந்த மதிப்பு தலைகீழானது எப்படி என்ற கேள்வியோடுதான் இக்கட்டுரையை எழுதத் தொடங்கினோம். தோல் தொழிற்சாலைகள் என்ற ஒற்றைச் சொல்லில் இதற்கு விடை சொல்லிவிடலாம். ஆனால் தோல் தொழில் மண்ணுக்கு என்ன செய்தது, எதனால் செய்தது, செய்ததைத் திருத்த முடியுமா என்று கேட்டுக்கொண்டே போனால், பேரெடுத்த குற்றவாளி ஒருவராகவும் உண்மையில் வயலைக் கொன்றவர் வேறொருவராகவும் இருப்பது தெரிகிறது.

*

தமிழ் வாசகர்களுக்கு உவரும் களரும் புதிய சொற்கள் அல்ல. திருக்குறள் கல்லாதவரை விளையாத களர்நிலத்துக்கு ஒப்பிடுகிறது. புறநானூற்றின் 311-ஆம் பாடல் களர்நிலத்தில் கிணறு தோண்டி நாள்தோறும் துணி வெளுக்கும் பெண்ணைக் காட்டுகிறது. அவள் ஏன் நல்ல நிலத்தை விட்டுக் களர்நிலத்துக்குப் போகிறாள் என்று நாம் முதலில் படித்தபோது யோசிக்கவில்லை. களர் மண்ணில் சோடியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் உண்டு. அந்தத் தண்ணீர் அழுக்கை எடுக்கும். சவர்க்காரக் கட்டி வருவதற்கு முன்னும், வந்து நெடுநாள் வரையிலும், வண்ணார் உவர்மண்ணைத் தேடிச் சேர்த்துத்தான் துணி வெளுத்தார்கள். பயிருக்கு ஆகாத மண் வேறொரு தொழிலுக்கு மூலப்பொருளாக இருந்தது. அந்த மண்ணை யாரும் உண்டாக்கவில்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். வடிகால் இல்லாத தாழ்வான இடத்தில் காலங்காலமாக நீர் ஆவியாகி உப்பை விட்டுச்சென்றதால் அது தானே உண்டானது.

பேச்சு வழக்கில் உவரும் களரும் ஒன்றுபோல் புழங்கினாலும், வேளாண் அறிவியல் இரண்டையும் பிரித்தே பார்க்கிறது. கரையக்கூடிய உப்புகள் மிகுந்தது உவர்நிலம். மண்ணின் கரைசலில் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 4 டெசிசைமனைத் தாண்டினால் அது உவர். அங்கே ஈரம் இருந்தும் பயிர் வாடும். வேருக்கு உள்ளே இருக்கும் சாற்றைவிட வெளியே உள்ள நீரில் உப்பு அடர்ந்திருந்தால் வேர் நீரை இழுக்க முடியாது. களர் இன்னொரு வகை. களிமண் துகள்களின் மேல் ஒட்டியிருக்கும் அயனிகளில் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் சோடியமாகிவிட்டால் அது களர். நல்ல மண்ணில் இந்த இடத்தைக் கால்சியம் பிடித்திருக்கும். கால்சியம் துகள்களைச் சேர்த்துப் பிடித்து மண்ணைப் பொலபொலவென்று வைத்திருக்கும். காற்றுக்கும் நீருக்கும் வழி இருக்கும். சோடியம் வந்தால் துகள்கள் பிரிந்து குழம்பாகி, துளைகள் அடைபடும். மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் ஓடு. இந்த மண்ணில் எருவைக் கொட்டினாலும் பயன் குறைவு. தழைச்சத்தைப் பயிருக்கு ஏற்ற வடிவில் மாற்றித் தரும் நுண்ணுயிர்கள் மூச்சுத் திணறும். துத்தநாகம் மண்ணில் இருந்தும் பயிருக்கு எட்டாது. மண்ணின் வளம் என்பது அதில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் பொறுத்ததில்லை. இருப்பதைக் கொடுக்கும் நிலையில் மண் இருக்கிறதா என்பதையும் பொறுத்தது.

களர்நிலத்துக்குக் கிராமங்களில் வைத்தியம் இருந்தது. தழை மிதிப்பது அதில் முதன்மை. கொளிஞ்சி, புங்கந்தழை, எருக்கு ஆகியவற்றோடு ஆவாரந்தழையையும் சேற்றில் மிதித்து அழுகவிடுவார்கள். அழுகும்போது வெளிப்படும் அமிலங்கள் மண்ணில் கரையாமல் கிடக்கும் சுண்ணாம்பைக் கரைத்துக் கால்சியத்தை விடுவிக்கும் என்று பிற்காலத்தில் வேதியியல் விளக்கம் தந்தது. ஆவாரை என்னும் இந்த மஞ்சள் பூச்செடி நம் கதையில் இன்னொரு பக்கத்திலும் நிற்கிறது.

*

ஆவாரையின் தழை வயலுக்குப் போனது. அதன் பட்டை தோலுக்குப் போனது. வட ஆற்காட்டின் வறண்ட குன்றுகளில் தாராளமாக விளைந்த இந்தச் செடிதான் தென்னிந்தியத் தோல் பதனிடும் தொழிலின் ஆதாரம். தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து மயிரையும் சவ்வையும் நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் போட்டெடுத்து, கடுக்காய்ச் சாற்றில் முடித்து, எண்ணெய் தடவுவார்கள். 1840-களில் சார்லஸ் டி சூசா என்ற பிரெஞ்சு வழி யூரேசியர் இம்முறையைச் செம்மைப்படுத்திச் சென்னைப் பகுதியில் பரப்பினார் என்பது தொழில் வரலாற்றில் வழக்கமாகச் சொல்லப்படும் செய்தி. இப்படிப் பதனிட்ட மாட்டுத்தோல் 'ஈஸ்ட் இந்தியா கிப்' என்ற பெயரில் லண்டன் பெர்மாண்ட்சி சந்தைக்குப் போனது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைவீரர்களின் காலணி மேல்தோலுக்கு இது பெரிதும் வேண்டப்பட்டது. போர்க்காலத்தில் அரசே கொள்முதலை எடுத்துக்கொண்டது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று பாலாற்றையும் அதன் கிளைகளையும் ஒட்டித் தோல் ஊர்கள் எழுந்தன. முதலாளிகளில் தமிழ் முஸ்லிம்கள் மிகுதி. குழியில் இறங்கி வேலை செய்தவர்களில் தலித் மக்கள் மிகுதி.

மாடு அக்கால உழவில் பாதி. செவ்வாய்க்கிழமைகளில் கூடும் பொய்கை மாட்டுச் சந்தையில் இன்றும் அதன் நிழலைப் பார்க்கலாம். மாடு உயிரோடு இருக்கும்வரை சாணமும் சிறுநீரும் நிலத்துக்கு. செத்த பின் தோல் மட்டும் வெளியே போனது. 1889 முதல் 1891 வரை இந்தியாவைச் சுற்றிப் பார்த்து 1893-இல் அறிக்கை தந்த ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்ற ஆங்கிலேய வேதியியலாளர், இந்திய உழவரின் அறிவைக் குறைத்து மதிப்பிட்ட தம் நாட்டவரைத் திருத்தியவர். எண்ணெய் வித்துகளும் எலும்பும் கப்பலேறுவது மண்ணின் சத்தே கப்பலேறுவதாகும் என்பது அவர் கவலைகளில் ஒன்று. அவர் கணக்கில் ஏற்றுமதி என்றால் இழப்பு, ஒன்று வெளியே போகிறது, அவ்வளவுதான். ஏற்றுமதிக்காக ஒன்று உள்ளே வந்து மண்ணிலேயே தங்கிவிடும் என்பதை அவர் காலத்தில் யார் நினைத்திருக்க முடியும்?

உள்ளே வந்தது உப்பு.

பட்டைப் பதனிடல் தூய்மையான தொழில் என்று நாம் பொன்முலாம் பூசவில்லை. சுண்ணாம்பும் நாற்றமும் கருத்த நீரும் அன்றும் இருந்தன. ஆனால் பட்டைச் சாறு மக்கக்கூடியது; உற்பத்தியின் வேகத்துக்கும் குழியும் நாளும் வரம்பு கட்டின. அந்த வரம்பை உடைத்தது குரோம். சென்னையில் பொறியியல் பேராசிரியராக இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1903 வாக்கில் குரோம் பதனிடலைச் சோதித்துப் பார்த்தார். 1912-இல் ஜி. ஏ. சேம்பர்ஸ் பல்லாவரத்தருகே தொடங்கிய ஆலையின் பெயரில்தான் இன்றைய குரோம்பேட்டை வழங்குகிறது. வாரக்கணக்கில் ஆன வேலை ஓரிரு நாளில் முடிந்தது. ஆயினும் பாலாற்றுக் கரை அடுத்த அரை நூற்றாண்டும் பெரும்பாலும் பட்டையையே நம்பியிருந்தது. உள்ளூர் ஆவாரம்பட்டை போதாமல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வரவழைத்தார்கள்.

திருப்பம் 1970-களில் வந்தது. அரைகுறையாகப் பதனிட்ட தோலை விற்று மேலைநாட்டார் அதில் லாபம் பார்ப்பானேன், முடித்த தோலாகவும் காலணியாகவும் நாமே விற்கலாமே என்ற நியாயமான எண்ணத்தில், சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி, மத்திய அரசு பச்சைத் தோல் ஏற்றுமதியை நிறுத்தி அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. அந்தக் கொள்கையைத் தவறென்று சொல்ல நமக்கு மனமில்லை. வேலையும் அந்நியச் செலாவணியும் வந்தன. ஆம்பூரின் காலணி ஆலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் முதன்முறையாக மாதச் சம்பளம் வாங்கினார்கள். ஆனால் முடித்த தோல் என்றால் குரோம். குரோம் என்றால் பெருந்திரள். பெருந்திரள் என்றால் கழிவுநீர். அதை எங்கே விடுவது என்ற கேள்வியை அந்தக் கொள்கை கேட்டதாகத் தெரியவில்லை. விடை கையெட்டும் தூரத்தில், மணலாகக் கிடந்தது.

*

பாலாறு தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓடுகிறது என்பார்கள். ஓடுகிறது என்ற வினைச்சொல்லை ஆண்டின் பெரும்பகுதியில் மரியாதைக்காகத்தான் பயன்படுத்த வேண்டும். இது மணலுக்கு அடியில் வாழும் ஆறு. ஆற்று மணலில் நீளமாகக் கால் தோண்டி, கசியும் நீரைக் கரைக்கு ஏற்றும் ஊற்றுக்கால்கள்தான் பழைய பாசனத்தின் நரம்புகள். ஊர் கூடி ஆண்டுதோறும் தூர்வாரி அவற்றைக் காத்தது. மேல்மடையில் மைசூரோடு 1892-இல் சென்னை மாகாணம் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் பாலாறும் உண்டு. ஆனால் நீர் வரத்து குறைந்துகொண்டே வந்தது. பின்னாளில் மின்மோட்டாரும் மணல் லாரியும் வந்து மிச்சத்தை எடுத்தன.

ஓடும் ஆற்றில் கழிவு விட்டால் அது கடலுக்குப் போகும், கீழ்மடைக்காரன் சபிப்பான். மணலாற்றில் விட்டால் அங்கேயே இறங்கும். இறங்கிய நீர்தான் கரையோரக் கிணறுகளில் ஊறுகிறது. அதை மோட்டார் வைத்து இறைத்து வயலுக்குப் பாய்ச்சுகிறார் விவசாயி. வெயிலில் நீர் ஆவியாகிறது, உப்பு வயலில் தங்குகிறது. மீதி மறுபடி கிணற்றுக்கு இறங்குகிறது, முன்னைவிட உப்பாக. தொழிற்சாலை தந்த உப்பை விவசாயி தன் மின்சாரத்தில் தன் வயலுக்கே கொண்டுவந்து சேர்க்கும் இந்தச் சுழற்சியின் கொடுமையை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

எவ்வளவு உப்பு? அறுத்த மாட்டின் தோல் அழுகாமலிருக்க உப்புப் போட்டுத்தான் அனுப்புவார்கள். ஆயிரம் கிலோ பச்சைத் தோலுக்கு முந்நூறு முதல் நானூறு கிலோ உப்புப் பிடிக்கும். தொழிற்சாலையில் முதல் வேலை அதைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுவது. பதனிடலுக்கு முன் அமிலக் குளியலில் மறுபடி உப்பு. ஒரு கிலோ தோலுக்கு முப்பது, நாற்பது லிட்டர் நீர் இப்படிச் செலவாகிறது. குரோமியமோ, போட்ட உப்பில் அறுபது எழுபது சதவீதம் தோலில் பிடித்துக்கொள்ள, மீதி கழிவில் போகிறது.

குரோமியத்துக்குப் பேர் கெட்டது. கெட வேண்டியதுதான். இராணிப்பேட்டையில் 1976-இல் தொடங்கி இருபது ஆண்டுகளுக்குள் மூடிய குரோமேட் ஆலை விட்டுச்சென்ற ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவுக் குவியலில் இருப்பது ஆறிணைதிறன் குரோமியம். அது நீரில் கரைந்து நகரும், புற்றுநோய் தரும். ஆனால் தோல் பதனிடலில் பயன்படுவது மூவிணைதிறன் குரோமியம். அது சாதாரண மண்ணில் கரையாத வடிவமெடுத்து விழுந்த இடத்திலேயே மேலடுக்கில் ஒட்டிக்கொள்ளும். மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடு அதில் ஒரு பகுதியை நச்சு வடிவுக்கு மாற்றக்கூடும் என்று 1979-இல் பார்ட்லெட், ஜேம்ஸ் என்ற அமெரிக்க அறிஞர்கள் காட்டியதால், அதை நம்பி உறங்கவும் முடியாது. இத்தனையும் உண்மை. இருந்தாலும், நாற்று நட்ட பத்தாம் நாள் நுனி கருகுவதற்கும், வயல் வெளுத்துப் பூப்பதற்கும், கிணற்று நீரில் பருப்பு வேகாமல் போவதற்கும் பெரும்பாலும் காரணம் குரோமியம் அன்று. நாம் சோற்றில் போட்டுக்கொள்ளும் அதே உப்பு. நச்சு என்று அதைச் சொல்ல முடியாததால், அதற்கு எதிராக முழக்கம் எழுப்புவதும் கடினமாயிற்று.

*

1991-இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. எம். சி. மேத்தா அதற்காக வாதாடினார். 1989-இலேயே ஆற்றுக் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இத்தகைய ஆலை தொடங்கக் கூடாதென்று தமிழக அரசு ஆணையிட்டிருந்தது. அது ஆணையாகவே இருந்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தந்த தீர்ப்பு, உலகெங்கும் சூழல் சட்ட வகுப்புகளில் படிக்கப்படுகிறது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று அத்தீர்ப்பு அறிவித்தது. ஈடு என்பதில் பாதிக்கப்பட்டவர்களின் இழப்பு மட்டுமன்றிச் சூழலை மீட்கும் செலவும் அடங்கும் என்றது. தோல் மண்டலத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போனதென்று தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கண்டதை அது பதிவு செய்தது. திண்டுக்கல் பக்கத்துப் பதின்மூன்று கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போன செய்தியும் அதில் இருக்கிறது. திண்டுக்கல் தோல் தொழிலாளரின் வாழ்வை டி. செல்வராஜின் 'தோல்' நாவலில் படித்த வாசகர்கள், அந்தச் சுண்ணாம்புக் குழிகளுக்கு வெளியே வயல்களில் என்ன நடந்ததென்பதை இத்தீர்ப்பில் படிக்கலாம். குழியில் உடல் வெந்தவர்களும் கரையில் நிலம் வெந்தவர்களும் பல நேரங்களில் ஒரே குடும்பத்தவர்.

தீர்ப்பின்படி அமைந்த இழப்பீட்டு ஆணையம் 2001 மார்ச் 7 அன்று தன் முடிவைத் தந்தது. 547 ஆலைகள், 29,193 பாதிக்கப்பட்டோர், 26.82 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் தலைக்குச் சராசரியாக ஒன்பதாயிரத்துச் சொச்சம். கணக்கில் கொண்ட காலம் 1991 முதல் 1998 வரை. அதற்கு முந்தைய இருபதாண்டு உப்பும், பிந்தைய உப்பும் அந்த ஏட்டில் இல்லை. சட்டத்துக்கு ஒரு தொடக்க நாளும் முடிவு நாளும் தேவை என்பது நமக்குப் புரிகிறது. மண் அப்படிக் கணக்கு வைப்பதில்லை. அந்தத் தொகையும் எல்லாருக்கும் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. வழக்கு மேலும் நடந்து, 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் மறுபடி ஒரு தீர்ப்புத் தந்தார்கள். அரசு ஆறு வாரத்துக்குள் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு ஆலைகளிடமிருந்து வசூலித்துக்கொள்ள வேண்டும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்துப் பாலாற்றைச் சீர்செய்ய வேண்டும் என்று ஆணையிட்டார்கள். முதல் மனுவிலிருந்து கணக்கிட்டால் முப்பத்துநான்கு ஆண்டுகள். இடையே, 2019-இல், மாவட்டமே மூன்றாகப் பிரிந்து ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டன.

*

மண்ணை மீட்க முடியுமா என்ற கேள்விக்கு வருவோம். முடியும் என்பதற்கு நம் கண்முன் சான்று உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகப்பட்டினத்து வயல்களில் கடலையே கொண்டுவந்து கொட்டியது. அவ்வளவுதான், இனித் தலைமுறைக்கும் விளையாது என்று அன்று பலரும் எழுதினார்கள். ஜிப்சம் போட்டார்கள், வரப்பு உயர்த்தி மழைநீரைத் தேக்கி வடித்தார்கள், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள். ஓரிரு பருவங்களில் பல இடங்களில் நெல் நின்றது. 1953-இல் வடகடல் பொங்கி மூழ்கிய நெதர்லாந்து, இங்கிலாந்து நிலங்களிலும் ஜிப்சம்தான் மருந்து. ஜிப்சத்தின் கால்சியம் களிமண் துகளிலிருந்து சோடியத்தை இறக்கிவிட்டுத் தான் உட்காரும். இறங்கிய சோடியத்தை நல்ல நீர் அடித்துக்கொண்டு போக வேண்டும்.

நாகையில் உப்பு ஒரு நாள் வந்தது, பிறகு வடகிழக்குப் பருவமழை வந்தது. பாலாற்றங்கரையில் உப்பு நாள்தோறும் வந்தது, கழுவ வேண்டிய நல்ல நீர்தான் வரவில்லை. இருக்கும் கிணற்று நீரோ உப்புநீர். நோயாளிக்கு மருந்து இருக்கிறது, விழுங்கத் தண்ணீர் இல்லை என்ற நிலை. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தபோது, வீடும் பாலமும் போன துயரத்துக்கு நடுவே, கரையோர விவசாயிகள் சிலர் இனிக் கிணறு தெளியும் என்று மகிழ்ந்ததைக் கேட்டோம். 1903-இல் வாணியம்பாடியை அழித்த வெள்ளத்தின் நினைவு இன்னும் இருக்கும் கரை அது. அழிக்கும் வெள்ளத்தையே மருத்துவராகப் பார்க்கும் அளவுக்கு அவர்கள் நிலம் வந்துவிட்டது.

விரிஞ்சிபுரத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அப்பல்கலைக்கழகத்தார் ஆஸ்திரேலிய மண்ணியலாளர்களோடு சேர்ந்து 1990-களின் இறுதியில் தோல் கழிவால் கெட்ட நிலங்களை ஆராய்ந்தார்கள். உவரைத் தாங்கும் திருச்சி 1 போன்ற நெல் ரகங்கள் வந்தன. இவை பயன்தராதவை என்று சொல்லமாட்டோம். ஆனால் உப்பைத் தாங்கும் பயிரைத் தேடுவது ஒரு பழைய பாதையின் தொடர்ச்சி. பண்டைய சுமேரியாவில் பாசன உப்பு ஏற ஏறக் கோதுமை குறைந்து, உவரைத் தாங்கும் வாற்கோதுமை மட்டும் மிஞ்சிய வரலாற்றை ஜேக்கப்சனும் ஆடம்ஸும் 1958-இல் எழுதினார்கள். கோவில் கணக்குக் களிமண் ஏடுகளில் அதைப் படித்தறிந்தார்கள். இங்கே நெல்லும் காய்கறியும் போய்த் தென்னை நின்றதும், தென்னைக்குக் கீழே தீவனப்புல் நின்றதும், புல்லுக்குப் பின் மனைப்பிரிவுக் கல் நின்றதும் களிமண் ஏடு இல்லாமலே தெரிகிறது.

தொழிலும் சும்மா இருக்கவில்லை. தீர்ப்புக்குப் பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகின. அவை அழுகலையும் குரோமியத்தையும் குறைத்தன. கரைந்த உப்பை அவற்றால் எடுக்க முடியவில்லை. பிறகு சவ்வூடு வடித்து நீரை மறுபடி பயன்படுத்தும் முறையைக் கட்டாயமாக்கினார்கள். நீர் திரும்பியது, உப்பு காய்ந்த குவியலாக நின்றது; அதை வாங்குவாரில்லை. 2015 ஜனவரி 31 அதிகாலை இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். வயலுக்குள் போகாமல் தடுத்த கழிவு எங்கோ ஓரிடத்தில் இருந்துதானே ஆக வேண்டும்.

*

லாங் பஜார்ப் பெண்மணியின் கேள்வி மனத்தில் இருந்ததால், ஆம்பூருக்கு அருகே ஆற்றோரம் நிலம் வைத்திருக்கும் நண்பரின் உறவினர் ஒருவரைப் பார்க்கப் போனோம். எழுபதைத் தாண்டியவர். நண்பர் அவரைப் பெரியப்பா என்று அழைத்ததால் நாமும் அப்படியே அழைத்தோம். வயலின் ஒரு மூலையில் சாம்பல் பூத்தாற்போல் வெளுத்திருந்தது. குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "பரவாயில்ல, முன்ன மாதிரி கரிக்கல" என்றார். மண்ணை நாக்கால் அறியும் அந்த முறை எந்த ஆய்வுக்கூடத்தையும்விடப் பழையது. நமக்கும் நீட்டினார், தயங்கித் தொட்டுப் பார்த்தோம். கரித்தது.

வீட்டுக்குள் போய் மடித்த அட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். 2015-இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் தரப்படும் மண்வள அட்டை. பன்னிரண்டு வரிகள். தழை, மணி, சாம்பல், கந்தகம். துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். கார அமிலநிலை, மின்கடத்துத்திறன், கரிமம். கீழே இன்ன பயிருக்கு இவ்வளவு யூரியா, இவ்வளவு பொட்டாஷ் என்ற பரிந்துரை. மின்கடத்துத்திறன் வரியில் விரலை வைத்து, இதுதானே உப்பு என்று கேட்டார். ஆமென்றோம். பிறகு அட்டையை மேலிருந்து கீழாக இன்னொரு முறை பார்த்துவிட்டு, "டேனரிக்காரன் விட்டது இதுல எந்த வரியில வரும்?" என்றார். சோடியத்துக்கு அதில் வரி இல்லை. குரோமியத்துக்கும் இல்லை. அட்டையை மடித்து, இழப்பீட்டு மனுவின் பழைய நகலோடு சேர்த்து, அதே பிளாஸ்டிக் உறையில் வைத்தார்.